பலாச்சுளை வந்த வழி

வாசகர் கடிதம்:

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்குச் சொந்த ஊர் கடலூர் முதுநகர். வயது 25. ஆசிரியர் பயிற்சி முடித்து இரண்டு வருடம் எல்கேஜி பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். சபையில் ஜெபித்து அனுப்பி வைத்தார்கள், ஆறு மாதத் தொண்டுக்காக உகாண்டா வந்திருக்கிறேன். ஜிஞ்சா நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் சின்னப் பிள்ளைகளுக்கான பள்ளி. என் வகுப்பில் 52 பேர். நான்கு மாதம் முடிந்துவிட்டது.

வரும்போது பெட்டி நிறையப் பட அட்டைகள் கொண்டுவந்தேன். முதல் பெருமழையிலேயே எல்லாம் ஊறிப்போயின. பின்னால் அனுப்புவதாகச் சொன்ன பாடப்பொருட்கள் வரவே இல்லை. தகரக் கூரையில் மழை விழுந்தால் நான் கத்துவது எனக்கே கேட்காது. பாடத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அப்போது பிள்ளைகள் வந்து என் பின்னலைப் பிரித்துப் பிரித்துப் பின்னுவார்கள்.

ஒருநாள் வீட்டு ஞாபகம் தாங்காமல் பள்ளிக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தேன். ஆறு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். இங்கே பெண் பிள்ளைகள் பெரியவர்களுக்கு முழங்கால் போட்டுத்தான் வணக்கம் சொல்வார்கள். அப்படியே முழங்கால் போட்டு, வாழையிலையில் சுற்றிய எதையோ நீட்டினாள். பிரித்துப் பார்த்தால் நான்கு பலாச்சுளை. பண்ருட்டி வாசனை, அம்மா! எங்கள் ஆயா வீட்டுத் திண்ணை வாசனை. ஆண்டவர் என்னைப் பார்த்துவிட்டார் என்று அன்றைக்கு அவ்வளவு நிச்சயமாக இருந்தது.

மறுவாரம் அந்தப் பிள்ளை வரவில்லை. மலேரியா. ஒன்பது நாள் கழித்துக் கழுத்தெலும்பு தெரிய வந்து நின்றாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. எனக்கு நான்கு சுளை அனுப்பின ஆண்டவர் அவளுக்கு ஒரு கொசுவலை அனுப்பியிருக்கலாமே? அவளை அப்படி விட்டுவிட்டு எனக்குப் பழம் கொடுத்தார் என்று நான் எப்படிச் சாட்சி சொல்வேன்? ஊருக்கு வந்தால் சபையில் மைக்கைக் கையில் கொடுப்பார்கள். என்னிடம் பெரிய காரியம் ஒன்றும் இல்லை. இப்படிச் சின்னச் சின்னதுதான் இருந்தது, அதையும் இப்போது நம்ப முடியவில்லை. நான் எதற்கு வந்தேன் என்றே புரியவில்லை. இப்படிக் கேட்பது தப்பென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

பெயர் வேண்டாம்.

பதில்:

அன்பு மகளே,

மன்னிப்புக் கேட்க இதில் ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளையின் கழுத்தெலும்பைப் பார்த்த பிறகும் இந்தக் கேள்வி உனக்கு வராமல் இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

நான் போதகர் இல்லை. குழந்தைகளோடும் அவர்களை வளர்ப்பவர்களோடும் பேசுவது என் தொழில். நீ கேட்டிருப்பது பாதி விசுவாசத்தைப் பற்றி, பாதி பிள்ளைகளைப் பற்றி. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பதில் சொல்ல எனக்கு வராது. ஒரு பிள்ளைக்கு ஏன் காய்ச்சல் வர வேண்டும், இன்னொருத்திக்கு ஏன் வரக் கூடாது என்பதற்கு என்னிடம் பதில் கிடையாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கடலூர் தேவனாம்பட்டினத்திலும் சிங்காரத்தோப்பிலும் தாய்மார்கள் இதே கேள்வியை என் முகத்துக்கு நேரே கேட்டார்கள். அன்றைக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

ஆனால் உன் கடிதத்தில் ஒரு இடத்தில் என் கண் நின்றுவிட்டது. "ஆண்டவர் என்னைப் பார்த்துவிட்டார்" என்று எழுதியிருக்கிறாய். கொடுத்தார் என்று எழுதாமல் பார்த்தார் என்று எழுதியிருக்கிறாய். உனக்குத் தெரியாமலே சரியான சொல்லைப் பிடித்துவிட்டாய்.

ஆபிரகாம் மலை ஏறுகிற கதையை ஞாயிறு பள்ளியிலிருந்து நாம் கேட்டிருக்கிறோம். பலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே என்று மகன் கேட்கிறான். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் தகப்பன் சொல்லும் பதில், தேவன் ஆட்டுக்குட்டியைப் "பார்த்துக்கொள்வார்" என்பது. யேகோவாயீரே என்று அந்த இடத்துக்கு வைத்த பேரின் வேர்ச்சொல்லும் எபிரெயத்தில் 'பார்' என்பதுதான். மொழிபெயர்த்தவர்கள் 'கொடுப்பார்' என்றோ 'ஆயத்தம் செய்வார்' என்றோ போட்டிருக்கலாம். பார்த்துக்கொள்வார் என்று போட்டார்கள். கடலுக்குப் போன கணவன் திரும்பாத நேரத்தில் நம் பெண்கள் சொல்வதும் அதுதானே, "ஆண்டவர் பாத்துப்பாரு." கடைக்குப் போகும்போது பக்கத்து வீட்டில், "பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அங்கே பார்ப்பது என்றால் விழாமல் பிடிப்பது, பசித்தால் ஊட்டுவது, அழுதால் தூக்குவது எல்லாம் சேர்ந்ததுதான். கண்ணும் கையும் ஒரே சொல்லில் இருக்கின்றன.

இப்போது உன் நான்கு சுளைகளுக்கு வருகிறேன். அவை உன்னிடம் வந்து சேர்ந்த வழியை யோசித்துப் பார்த்தாயா? பலா நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம். ஏதோ ஒரு காலத்தில் யாரோ ஒருவர் அதன் கொட்டையைக் கடல் கடந்து கொண்டுபோயிருக்கிறார். இன்னொருவர் உன் கிராமத்து மண்ணில் அதை நட்டிருக்கிறார். அது காய்ப்பதற்கு வருடக்கணக்கில் பொறுத்திருந்திருக்கிறார்கள். தானே புயலில், 2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலை, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்குத்தான் ஒரு பலாமரத்துக்குப் பின்னால் எத்தனை வருடம் நிற்கிறது என்று தெரியும். அப்புறம் அந்த வீட்டில் யாரோ ஒருத்தி, கையில் பால் ஒட்டாமல் எண்ணெய் தடவியோ தடவாமலோ, பழத்தை அரிந்திருக்கிறாள். இதெல்லாம் நடந்து முடிந்த பிறகும் பழம் உன்னிடம் வந்திருக்காது. 52 பிள்ளைகளில் ஒருத்தி, டீச்சர் பள்ளிக்குப் பின்னால் போவதைக் கவனித்திருக்கிறாள். அழுவதைப் பார்த்திருக்கிறாள். தன் பங்கை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

ஆண்டவர் உன்னைப் பார்த்த கண் அந்தப் பிள்ளையின் கண் என்றுதான் நான் நம்புகிறேன். வெறும் ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. எனக்கு வாழ்க்கையில் கிடைத்த எந்த உதவியும் வேறு வழியாக வந்ததில்லை.

சரி, கொசுவலை? அதற்கு ஆகாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் அந்நிய ஊர்க்காரி, ஆபிரகாம் வீட்டு வேலைக்காரி. முதல் தடவை வனாந்தரத்தில் தனியாக நின்றபோது, "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்று ஆண்டவருக்கே பேர் வைத்தவள். வேதாகமத்தில் அப்படிப் பேர் வைத்த வேறு ஆளை எனக்குத் தெரியாது. பல வருடம் கழித்து மறுபடியும் வனாந்தரம். தோல் துருத்தியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. பிள்ளையை ஒரு செடியின் கீழே விட்டுவிட்டு, அவன் சாவதைப் பார்க்கமாட்டேன் என்று தூரமாகப் போய் உட்காருகிறாள். தேவன் அப்போது வானத்திலிருந்து தண்ணீர் இறக்கவில்லை. அவளுடைய கண்ணைத் திறந்தார் என்று இருக்கிறது. தண்ணீர்த் துரவு ஒன்று அவள் கண்ணுக்குத் தெரிகிறது. அவள் எழுந்து போய், நிரப்பி, பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்கிறாள்.

அந்த முதல் தடவை உனக்கு நடந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. உன்னைக் காண்கிற தேவனைக் கண்டுகொண்டாய். இரண்டாவது தடவை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. அந்தப் பிள்ளையின் கழுத்தெலும்பு உன்னைத் தூங்கவிடவில்லை என்கிறாயே, கண் திறந்தால் அப்படித்தான் இருக்கும். இனி எழுந்து போகிற வேலை மிச்சம் இருக்கிறது.

எங்கே போவது என்றால், அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு. கொசுவலையைச் சுமந்துகொண்டு போகாதே. பழத்துக்கு நன்றி சொல்லப் போ. உன் கடிதத்தில் எவ்வளவோ இருந்தது. அந்த வீட்டுக்குப் போய் நன்றி சொன்னதாக மட்டும் இல்லை. அந்தப் பக்கத்தில் பாட்டியை ஜாஜா என்பார்கள் இல்லையா? நிறையப் பிள்ளைகள் ஜாஜாவின் கையில்தான் வளர்கிறார்கள் என்பது உனக்கே தெரிந்திருக்கும். தலைமை ஆசிரியையிடம் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு போ. தனியாகப் போகக் கூடாது, அது உனக்கும் நல்லதில்லை, பள்ளிக்கும் நல்லதில்லை. திண்ணையில் உட்கார்ந்து பேசு. வலை இருக்கிறதா, கிழிந்திருக்கிறதா, இருந்தும் மாட்டாமல் மடித்து வைத்திருக்கிறார்களா என்பது பேச்சோடு பேச்சாகத் தெரிந்துவிடும். புது வலையை விசேஷத்துக்கு எடுத்து வைக்கிற ஆயாக்கள் நம் ஊரிலும் உண்டு.

வலை இல்லை என்று தெரிந்தால் உடனே கடைக்கு ஓடி அவளுக்கு மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதே. இதை ஒரு ஆலோசகராகக் கண்டிப்போடு சொல்கிறேன். 52 பேரில் ஒருத்திக்கு மட்டும் டீச்சர் கொடுத்தால், மறுநாள் வகுப்பில் அவள் நிலைமை மாறிவிடும். நீ போன பிறகு அந்தக் கசப்பை அவள்தான் சுமக்க வேண்டும். உகாண்டா அரசு பல வருடங்களாக வீடுகளுக்கு இலவசமாகக் கொசுவலை கொடுத்துவருகிறது. கிராமங்களில் அந்த ஊர் ஆட்களையே சுகாதாரத் தொண்டர்களாக வைத்திருக்கிறார்கள், விஎச்டி என்பார்கள். எந்த வீட்டுக்கு வலை கிடைத்தது, எதற்குக் கிடைக்கவில்லை என்று விசாரிக்க அவர்களைத்தான் பிடிக்க வேண்டும். காய்ச்சல் என்றால் எங்கே போவது என்றும் அவர்களிடமே கேட்கலாம். தலைமை ஆசிரியை மூலமாக விஎச்டி ஆளை ஒருநாள் பள்ளிக்கே வரவழைத்து, தாய்மார்களும் ஜாஜாக்களும் கூடுகிற நேரத்தில் பேச வை. வலையைப் பற்றியும், காய்ச்சல் வந்த அன்றைக்கே பரிசோதிப்பதைப் பற்றியும் அவர் பேசட்டும். 2025 ஏப்ரலில் அந்த நாட்டில் கைக்குழந்தைகளுக்கு மலேரியா தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். உன் ஆறு வயதுக்காரிக்கு அது கிடையாது, ஆனால் அவள் வீட்டில் தம்பி தங்கை கைக்குழந்தையாக இருந்தால் இது பெரிய செய்தி. நீ அந்தக் கூட்டத்தில் பாய் விரித்துத் தண்ணீர் கொடுத்தால் போதும். வலை யார் கையால் வந்தது என்று கடைசியில் யாருக்கும் தெரியாமல் போனால் இன்னும் நல்லது.

உனக்கும் அதேதான். காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டுப் படுக்காதே, அன்றைக்கே பரிசோதி. ஊருக்குத் திரும்பின பிறகும் சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், உகாண்டாவிலிருந்து வந்தேன் என்று டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வை, விமான நிலையத்தில் கேட்பார்கள்.

இப்போது, நான் எதற்கு வந்தேன் என்ற கேள்வி. இதற்கு நம் ஊர்க் கதை ஒன்றைச் சொல்கிறேன். கடலூர் வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்துப் பழகின ஊர். 1740-லேயே கீர்னாண்டர் என்கிற சுவீடன்காரர் மிஷனரியாக இங்கே வந்து, 1758-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைப் பிடிக்கும் வரை இருந்தார். அடுத்த நூற்றாண்டில் டேனிஷ் மிஷன் வந்தது. சுனாமிக்குப் பிறகு உலகமே வந்தது. யார் வந்தால் எது மிஞ்சும் என்பது வாங்கிக்கொள்கிற இடத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். நீ அந்த ஊர்ப் பிள்ளை என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

2005 தொடக்கத்தில் நான் தற்காலிகக் குடியிருப்புகளில் வேலை செய்தேன். கறுப்புத் தார் அட்டைக் கூரை, பகல் பதினொரு மணிக்கு மேல் உள்ளே இருக்க முடியாது. லாரி லாரியாகப் பழைய துணி வந்து, யாரும் எடுக்காமல் சாலையோரத்தில் குவிந்து கிடந்தது. பொம்மைகளும் அப்படித்தான். அப்பாவைக் கடலுக்குக் கொடுத்த ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வாரக்கணக்கில் பேசாமல் இருந்தான். கரடி பொம்மையைக் கையில் திணித்தால் அப்படியே கீழே வைத்துவிடுவான். தமிழ் தெரியாத வெளிநாட்டுப் பெண் ஒருத்தி தொண்டுக்கு வந்திருந்தாள், உன் வயதுதான் இருக்கும். அவளும் என்னென்னவோ செய்து பார்த்தாள். ஒருநாள் கிழிந்த வலைத்துண்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, முடிச்சுப் போடத் தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தாள். பையன் கொஞ்ச நேரம் பார்த்தான். கிட்டே வந்தான். அவள் கையிலிருந்து நூலை வாங்கி, "இப்படி இல்ல" என்றான். வாரக்கணக்கில் அவன் பேசின முதல் வார்த்தை. அப்பா சொல்லிக்கொடுத்த முடிச்சை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான்.

அந்தக் குடியிருப்பில் அத்தனை பேரும் அவனுக்குக் கொடுக்க வந்தவர்கள். அவனிடமிருந்து வாங்கிக்கொண்டவள் அவள் ஒருத்தி. எல்லாம் போன பிள்ளைக்கும் தன் கையில் கொடுக்க ஏதோ இருக்கிறது என்று தெரிய வேண்டும். அது தெரியாத பிள்ளைக்கு எத்தனை பொம்மை கொடுத்தாலும் ஏறாது. நீ அந்த நான்கு சுளையையும், "வேண்டாம் கண்ணு, நீயே சாப்பிடு" என்று திருப்பிக் கொடுக்காமல் வாங்கித் தின்றாயே, அது நல்ல ஆசிரியை செய்த நல்ல காரியம். மழை நாளில் பாடத்தை நிறுத்திவிட்டுப் பின்னலை அவர்கள் கையில் கொடுப்பதும் அப்படித்தான். நீ அதைத் தோல்விக் கணக்கில் எழுதியிருக்கிறாய். எனக்கு அது அப்படித் தெரியவில்லை.

அந்தக் கதைக்கு ஒரு கெட்ட முடிவும் உண்டு. மூன்று வாரம் கழித்து அந்தப் பெண், பிள்ளைகள் அழுவதைப் பார்க்க முடியாது என்று, விடியற்காலையில் சொல்லாமல் போய்விட்டாள். பையன் ஒரு வாரம் சாலைத் திருப்பத்தில் போய் உட்கார்ந்திருந்தான். இன்றைக்கு அவனுக்கு முப்பது வயது. துறைமுகத்தில் எப்போதாவது பார்ப்பேன். ஒரு தடவை அவனாகவே சொன்னான், "அந்த அக்கா போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம் மேடம்."

உனக்கு இரண்டு மாதம் இருக்கிறது. அதனால் இப்போதே தொடங்கு. வகுப்புச் சுவரில் ஒரு நீளத்தாளை ஒட்டி, மிச்சம் இருக்கும் வாரங்களுக்கு எட்டு கட்டம் போடு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு பிள்ளை ஒரு கட்டத்துக்கு வண்ணம் தீட்டட்டும். டீச்சர் எப்போது போகிறாள், எந்த ஊருக்குப் போகிறாள், அதற்குப் பிறகு யார் வகுப்பெடுப்பார் என்பதை அவர்களுக்குப் புரியும் வார்த்தையில் சொல். திரும்பி வருவேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. டிக்கெட் கையில் இல்லாமல் அந்த வார்த்தையைப் பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது. கடைசி நாளில் அழுகை வந்தால் வரட்டும். அவர்கள் எதிரிலேயே அழு.

உன் பிள்ளைகள் மாலையில் வீட்டுக்குப் போகிறார்கள் என்று படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. வெளிநாட்டுக்குத் தொண்டுக்குப் போக நினைக்கும் மற்றப் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். காப்பகத்தில் வளரும் குழந்தைகள் முன்பின் தெரியாதவரிடம் ஓடிவந்து ஒட்டிக்கொள்வார்கள். பார்க்கிறவர்கள் அதை அன்பு என்று நினைத்து உருகிப்போவார்கள். பல நேரம் அது, நிலையாக ஒரு ஆள் இல்லாததால் வருகிற ஏக்கம். ருமேனியாவில் 2000-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கி, காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அதில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் வைத்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள், அதுவும் இரண்டு வயதுக்குள் போனவர்கள், தெளிவாகத் தேறினார்கள். மாதத்துக்கு ஒரு அக்கா வந்து கொஞ்சிவிட்டுப் போகிற இடத்தில் ஒரு குழந்தை மாதத்துக்கு ஒரு தடவை கைவிடப்படுகிறது. வீடும் ஜாஜாவும் இருக்கிற பிள்ளைகளுக்குப் பகலில் பாடம் சொல்லிக்கொடுக்கும் இடம் அப்படி இல்லை. போகிறவர்கள் இப்படிப்பட்ட இடமாகப் பார்த்துப் போக வேண்டும்.

பட அட்டைகள் போனதைப் பற்றி இன்னும் வருத்தப்படுகிறாயா? நீ போன பிறகு அந்த 52 பேரோடும் இருக்கப்போவது அந்த ஊர் ஆசிரியைதான். அவருக்கு உன் அட்டை எதற்கு? காலடியில் கிடப்பதை வைத்துச் சொல்லிக்கொடுக்கும் வழி இருந்தால் போதும். பலாக்கொட்டையைக் கழுவிக் காயவைத்தால் எண்ணிக்கைக்கு அதைவிட நல்ல பொருள் எது? அப்புறம், அந்த நாட்டில் ஒம்வேசோ என்று ஒரு ஆட்டம் உண்டு. நம் பல்லாங்குழிக்குப் பெரிய அக்கா என்று சொல்லலாம். நமக்கு இரண்டு வரிசையில் பதினான்கு குழி, அவர்களுக்கு நான்கு வரிசையில் முப்பத்திரண்டு குழி, 64 விதை. ஊர்ப் பெரியவர் ஒருவரை வகுப்புக்குக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுக்கச் சொல். நீயும் பிள்ளைகளோடு உட்கார்ந்து கற்றுக்கொள். பதிலுக்குத் தரையில் பதினான்கு குழி தோண்டி நம்முடையதைச் சொல்லிக்கொடு. கூட்டலும் கழித்தலும் அதற்குள்ளேயே இருக்கின்றன, மழைச் சத்தத்திலும் விளையாடலாம்.

உன் உடம்பையும் மனதையும் பற்றி ஒரு வார்த்தை. 52 பிள்ளைகளை நான்கு மாதம் தாங்கினவளுக்குத் தூக்கம் கெட்டால், அதை ஆவிக்குரிய குறை என்று எண்ணாதே. களைத்துப்போயிருக்கிறாய். வாரத்தில் ஒரு நாள் பள்ளிப் பக்கமே போகாமல் இரு. அம்மாவிடம் பேசும்போது நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிடாமல், அழுதேன் என்றும் சொல். அங்கே இரவு எட்டு மணி என்றால் இங்கே பத்தரை, அம்மா விழித்துக்கொண்டுதான் இருப்பார். படுக்கும் முன் ஒரு நோட்டில் இரண்டு வரி எழுது. இன்றைக்கு எனக்கு வந்தது என்ன, யார் கையால் வந்தது. அதற்குக் கீழே, இன்றைக்கு நான் பார்த்தது யாரை. வேறெதுவும் எழுத வேண்டாம், யாரிடமும் காட்டவும் வேண்டாம். இரண்டு வாரத்தில் தூக்கம் திரும்பவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுது, காத்திருக்காதே.

சபையில் மைக் கொடுப்பதைப் பற்றி. நம் சாட்சிக் கூட்டங்களில் எனக்கு நீண்ட நாளாக ஒரு வருத்தம் உண்டு. கடன் தீர்ந்தது, கட்டி கரைந்தது, விசா கிடைத்தது என்று முடிந்துபோன காரியங்களை மட்டுமே சொல்லப் பழக்கிவிட்டோம். கேள்வியோடு நிற்பவர்கள் பின்வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நீ பழத்தையும் சொல், காய்ச்சலையும் சொல். இரண்டும் அடுத்தடுத்த வாரத்தில் வந்தன என்று சொல். ஏன் என்று தெரியவில்லை என்றும் சொல். அந்தப் பிள்ளையின் பேரையும் புகைப்படத்தையும் மட்டும் திரையில் போடாதே. மெலிந்து நிற்கிற படத்தைத் தன்னை அறியாத முந்நூறு பேர் பார்ப்பதற்கு அவள் சம்மதிக்கவில்லை. பாவம், ஏழைப் பிள்ளைகள் என்ற வார்த்தையையும் விட்டுவிடு. அவள் உனக்குக் கொடுத்தவள். கொடுத்தவளைப் பற்றிப் பேசுவது போல அவளைப் பற்றிப் பேசு.

இங்கே பலா சீசன். நேற்று வண்டிக்காரரிடம் அரைப்பழம் வாங்கினோம், கொட்டைகள் மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருக்கின்றன. நாளைக்குக் கத்திரிக்காயோடு சேர்த்துக் குழம்பு. அந்த ஜாஜா வீட்டுக்குப் போகும்போது, அவர்கள் கொட்டையை என்ன செய்கிறார்கள் என்று கேட்டு எனக்கு எழுது. சுட்டுத் தின்கிற வழக்கம் அங்கே இல்லை என்றால், அடுப்புத் தணலில் எப்படிப் புதைப்பது என்று நீ சொல்லிக்கொடுத்துவிட்டு வா. தோலைக் கீறிவிட்டுத்தான் போட வேண்டும் என்பதை மறக்காமல் சொல், இல்லாவிட்டால் வெடித்துப் பிள்ளைகள் மேல் தெறிக்கும்.